முதிர்ந்த வயதில் வரலாறு பயிலுதல்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம்மவர் நாவில் வழங்கும் பழமொழி. மூங்கிலுக்கு அது பொருந்தலாம். மனித அறிவுக்கும் அது பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

பள்ளிப் படிப்பை இடையில் விட்டு வேலைக்குச் சென்றோர், குடும்பப் பொறுப்பினால் பல்கலைக் கழக வாயிலை மிதிக்க இயலாது போனோர், பல்லாண்டு பட்டமின்றியே ஆசிரியப் பணி ஆற்றியோர் ஆகிய பலர் நம்மிடையே உளர். முப்பத்தைந்து வயதிலோ நாற்பத்தைந்து வயதிலோ, ‘இனியாவது படித்துப் பட்டம் பெறலாமா? அதிலும் வரலாறு படிக்கலாமா? படித்து ஆசிரியராகலாமா?’ என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எழுகின்றது. எழுந்த எண்ணத்தை, ‘இந்த வயதில் எதற்கு?’ என்று வீட்டார் கேட்கும் ஒரு கேள்வி அடக்கி விடுகின்றது.

இக்கேள்விக்கு உணர்ச்சி வயப்பட்டு விடை கூறுவதைவிட, முன்னர் இவ்வழியில் நடந்தோரின் வரலாற்றைக் கொண்டே விடை காண்பது பொருத்தமாகும். நாம் கண்ட முடிவை முதலிலேயே கூறி விடுவோம். வரலாறு என்பது வாழ்ந்து பார்த்தவரை வரவேற்கும் துறை. ஆயினும் வாழ்க்கை அனுபவம் நல்ல வினாக்களைத் தருமேயன்றி, விடைகளைத் தந்துவிடாது. விடைக்குச் சான்று வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே முதிர்ந்த வயதிலும் சிறந்த வரலாற்று மாணவராக விளங்குவர். பின்னர்ச் சிறந்த ஆசிரியராகவும் திகழ்வர்.

முதிர்ந்த மாணவர் யார்?

முதிர்ந்த மாணவர் என்றவுடன் நரை திரண்ட முதியவரை நினைத்தல் வேண்டா. பிரிட்டனில் 21 வயது நிறைந்தபின் முதற் பட்டப் படிப்பில் சேர்வோரை இப்பெயரால் குறிப்பது வழக்கம். மலேசியாவிலும் மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர், 21 வயது கடந்தவராயின், தம் தொழிலனுபவத்தை ஒரு தேர்வின் வாயிலாகவும் ஆவணத் தொகுப்பின் வாயிலாகவும் மெய்ப்பித்து இளங்கலைப் படிப்பிற் சேர வழியுண்டு. மலேசியத் தகுதி முகமை வகுத்துள்ள ஏற்பாடு இது. ஆகவே முதிர்ச்சி என்பது ஆண்டுக் கணக்கை மட்டும் பொறுத்ததன்று. பள்ளிக்கும் பல்கலைக் கழகத்துக்கும் இடையே உலகம் என்னும் பள்ளியிலும் பயின்று வந்தவரே முதிர்ந்த மாணவர் ஆவார்.

லாங்டனும் ராச்டேலும்

உழைக்கும் மக்கள் வரலாறு பயின்ற கதையில் 1908ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1903இல், ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்பார் இங்கிலாந்தில் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவரே பதினான்கு வயதில் பள்ளியை விட்டு எழுத்தராக வேலை செய்தவர். நாள் முழுதும் உழைப்போருக்கு இரண்டொரு சொற்பொழிவுகள் போதா. பல்கலைக் கழக மாணவர் பெறும் அதே தரமான கல்வி கிடைக்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

அக்கொள்கையின்படி 1908 ஜனவரியில் இரண்டு வகுப்புகள் தொடங்கின. ஒன்று மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர் பெற்ற லாங்டனில். மற்றொன்று பருத்தி ஆலைகள் நிறைந்த ராச்டேலில். இரண்டுக்கும் ஆசிரியர் ஒருவரே. அவர் பிற்காலத்தில் பொருளாதார வரலாற்றில் பெரும் புகழ் எய்திய ஆர். எச். டானி. தொடக்கத்தில் அவர் கிளாஸ்கோவிலிருந்து இரயிலேறி வந்து, வெள்ளி இரவு லாங்டனிலும் சனிக்கிழமை பிற்பகல் ராச்டேலிலும் பாடம் நடத்தினார். அப்போது அவருக்கு வயது 27. மாணவருட் பலர் அவரினும் மூத்தவர்.

அவ்வகுப்பின் அமைப்பு கருதத் தக்கது. ஒரு வகுப்பில் ஏறத்தாழ முப்பது பேர். ஆண்டுக்கு 24 கூட்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதல் மணி ஆசிரியர் உரை. இரண்டாம் மணி மாணவர் வினாவும் விவாதமும். இரு வாரத்திற்கு ஒரு கட்டுரை எழுதித் தருதல் வேண்டும். மூன்றாண்டுகள் விடாது வருவதாக ஒவ்வொருவரும் உறுதி கூற வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், மூன்றாண்டுகளில் 144 மணி நேரப் படிப்பும் முப்பத்தாறு கட்டுரைகளும் ஆகின்றன. சுரங்கத்திலும் சூளையிலும் பகலெல்லாம் உழைத்த கைகள் இரவில் பேனா பிடித்து அவற்றை எழுதின என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வகுப்பினால் மாணவர் மட்டும் பயன் பெற்றார் அல்லர். பதினாறாம் நூற்றாண்டின் நிலப் பிரச்சினையைப் பற்றி டானி எழுதிய நூல் 1912இல் வெளிவந்தது. அதன் முன்னுரையில், நெசவாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளரும் தம்மை மறுத்து வினவியதால் தாம் கற்றவை பல என்று அவர் நன்றி கூறுகின்றார். இது வெறும் உபசார மொழியன்று. கூலி, வாடகை, விலை ஆகிய சொற்களை நூலில் மட்டும் கண்டவர் ஆசிரியர்; அவற்றைத் தம் வாழ்வில் கண்டவர் மாணவர். ‘கூலி உயர்ந்தது என்று புத்தகம் சொல்கிறது, அவ்வாண்டில் ரொட்டி விலை என்ன?’ என்று கேட்பதற்குச் சந்தைக்குச் சென்று பொருள் வாங்கிய அனுபவம் வேண்டும். இத்தகைய வினாவே முதிர்ந்த மாணவர் வரலாற்று வகுப்பிற்குக் கொண்டு வரும் செல்வமாகும்.

லாங்டன் வகுப்பின் கதை இத்துடன் முடியவில்லை. அங்குப் பயின்றோர், தாம் பெற்ற கல்வியைத் தம்மோடு நிறுத்திக் கொள்ள விரும்பவில்லை. 1911 முதல் அருகிலிருந்த சுரங்கச் சிற்றூர்களுக்குச் சென்று, ஊதியம் எதுவும் பெறாமல், தாமே வகுப்புகள் நடத்தலாயினர். நேற்றைய மாணவர் இன்றைய ஆசிரியரானார். முதிர்ந்தோர் கல்விக்கும் ஆசிரியப் பணிக்கும் உள்ள உறவு இவ்வாறு தொடக்கத்திலேயே அமைந்து விட்டது.

ரஸ்கின் கல்லூரியின் வழி

ஆக்ஸ்போர்டு நகரில் 1899இல் தோன்றிய ரஸ்கின் கல்லூரி, பல்கலைக் கழகத்திற் சேராது, தொழிலாளர் தங்கிப் பயில்வதற்கென்றே ஏற்பட்ட தனிக் கல்லூரியாக இருந்தது. அதனை நிறுவிய அமெரிக்கர்களுள் ஒருவரான சார்லஸ் பியர்டு, பின்னர்த் தம் நாட்டின் பெயர் பெற்ற வரலாற்றறிஞராக விளங்கினார். தொழிற் சங்கங்களின் உதவிப் பணத்தில் சுரங்கத் தொழிலாளரும் இரயில்வே ஊழியரும் இங்கு வந்து பயின்றனர்.

1960களில் இக்கல்லூரியில் வரலாறு கற்பித்த ராபேல் சாமுவேல் ஒரு புது வழியை மேற்கொண்டார். அதுவரை, முதிர்ந்த மாணவர்கள் பள்ளியில் விட்டதைப் பிடிக்க வேண்டியவர்கள் என்றே கருதப்பட்டனர். ஆகவே பாட நூலைக் கற்பித்துத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வதே கல்லூரியின் வேலையாக இருந்தது. சாமுவேலோ அவர்களை முதலிலேயே ஆவணக் களரிக்கு அனுப்பினார். தம் தொழிலின் வரலாற்றை, தம் ஊரின் வரலாற்றை, மூல ஆவணங்களைக் கொண்டு தாமே எழுதுமாறு ஊக்கினார். 1967இல் தொடங்கிய ‘வரலாற்றுப் பட்டறை’க் கூட்டங்களில் அம்மாணவர்கள் தம் ஆய்வுகளைப் படித்தனர். 1970 முதல் அவை சிறு நூல்களாகவும் வெளிவந்தன. அவ்வரிசையின் முதல் நூல் என்ன தெரியுமா? இரயில்வே தொழிலாளர் தம்முட் பேசிக் கொள்ளும் சொற்களுக்கு அகராதி! எழுதியவர் இரயில்வே தொழிலாளராக இருந்த பிராங்க் மக்கென்னா. டர்காம் வட்டாரச் சுரங்க வாழ்வைப் பற்றிய நூலை எழுதியவரும் சுரங்கத்தில் உழைத்தவரே.

இவ்வழியில் வந்த இருவரை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுவோம். ஆலன் ஹாக்கின்ஸ் பதினைந்து வயதிற் பள்ளியை விட்டவர். ரஸ்கின் கல்லூரியிற் பயின்று, பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்திற் சேர்ந்து, முடிவில் சசெக்ஸ் பல்கலைக் கழகத்தில் சமூக வரலாற்றுப் பேராசிரியரானார். நார்போக் வட்டார உழவுத் தொழிலாளரைப் பற்றி 1985இல் அவர் வெளியிட்ட நூல், சிற்றூர் மக்களின் வரலாறு எழுதுவோர்க்கு இன்றும் பயன் தருவது. சாலி அலெக்சாண்டர் நாடக நடிகையாக இருந்து ரஸ்கினுக்கு வந்தவர். பெண்களின் உழைப்பு வரலாற்றை ஆராய்ந்து, பின்னர் இலண்டனில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கினார். இவ்விருவரும் காலந் தாழ்ந்து வந்ததனால் குறைந்து போனவர் அல்லர். தாம் வந்த வழியையே ஆராய்ச்சிக்கு வித்தாக்கிக் கொண்டவர்கள்.

1971: இரு நாடுகள், ஒரே முயற்சி

ஊரை விட்டு ஆக்ஸ்போர்டில் சென்று தங்குதல் எல்லார்க்கும் இயலுவதன்று. வேலையையும் குடும்பத்தையும் விடாமலே படிக்க வேண்டியவர் என் செய்வது? இதற்கு விடையாகத் தோன்றியதே பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக் கழகம். 1969இல் அரச பட்டயம் பெற்று, 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியது. முன் தகுதி எதுவும் கேளாது எவரையும் சேர்த்துக் கொண்டது. அஞ்சல் வழி நூல்கள், வானொலி தொலைக்காட்சிப் பாடங்கள், கோடைக் காலத்தில் ஒரு வாரம் கூடிப் பயிலும் பள்ளி ஆகியவற்றால் கல்வி புகட்டியது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 24,000 மாணவர் சேர்ந்தனர். பயிற்சிச் சான்றிதழ் மட்டும் பெற்றுப் பட்டமின்றிப் பணியாற்றி வந்த பள்ளி ஆசிரியர்கள் அவர்களுள் பெருந் தொகையினர்.

அதே 1971இல் நம் பக்கத்திலும் இம்முயற்சி அரும்பியது. பினாங்கில் 1969இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம், வளாகத்திற்கு வெளியே இருந்து பயிலும் திட்டத்தை அவ்வாண்டிலேயே தொடங்கியது. மலேசியாவில் தொலைக் கல்வியின் தொடக்கம் அதுவே. பணியில் இருந்த ஆசிரியர் பலர் அவ்வழியே பட்டம் பெற்றனர். சிங்கப்பூரில் 1990களில் சிங்கப்பூர் நிர்வாகக் கழகம் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்துடன் கைகோத்துப் பட்டப் படிப்புகளை நடத்தியது. அம்முயற்சி வளர்ந்து 2005இல் தனிப் பல்கலைக் கழகமாகி, 2017 முதல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்னும் பெயருடன் நடந்து வருகின்றது. மலேசியாவிலும் 2000ஆம் ஆண்டில் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. எனவே வழியில்லை என்று சொல்வதற்கு இன்று இடமில்லை. அவ்வழியில் எவ்வாறு நடப்பது என்பதே கேள்வி.

அனுபவமும் சான்றும்

வரலாறு படிக்க வரும் முதிர்ந்த மாணவர்க்கு முதலில் துணையாவது அவர்தம் அனுபவம். முதலில் இடறலாவதும் அதுவே. ‘நான் கண்டேன், எனக்குத் தெரியும்’ என்னும் உறுதி, ‘எவ்வாறு தெரியும்?’ என்னும் வினாவைக் கேட்க விடாது. ஆனால் வரலாற்றுத் துறையின் உயிர் அவ்வினாவிலேயே இருக்கின்றது.

திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் முதல் வரலாற்றுப் பேராசிரியரான ஆர்தர் மார்விக், தம் மாணவர்க்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்திக் கற்பித்து வந்தார். ஓர் ஆவணம் இரு வகையாற் பேசும். எழுதியவர் சொல்ல வேண்டும் என்று கருதிச் சொன்னது ஒன்று. தாம் சொல்கிறோம் என்பதை அறியாமலே சொல்லிவிட்டது மற்றொன்று. முன்னதை அறிந்து கூறிய சான்று எனலாம். பின்னதை அறியாது கூறிய சான்று எனலாம். பின்னதைக் கண்டு பிடிப்பதே வரலாற்று மாணவரின் திறம்.

இதனை நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குவோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் வரலாறு பயில வந்துள்ளார் எனக் கொள்வோம். ‘என் மாமியார் காலத்தில் பால் வெட்டப் போனால் ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு’ என்று அவர்தம் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கின்றார். இதனை அப்படியே கட்டுரையில் எழுதி விடலாமா?

முதலில், இது கேள்வி வழிச் சான்று. மாமியார் சொல்லப் பாட்டியார் கேட்டது. பாட்டியார் சொல்லப் பேரர் கேட்டது. இடையில் எண் மாறியிருக்கலாம், காலம் மயங்கியிருக்கலாம். ஆகவே அக்காலத் தொழிலாளர் இலாகாவின் அறிக்கைகளை நாட வேண்டும். நாடினால், 1920களின் இறுதியில் இந்தியத் தொழிலாளர்க்கென ஒரு நிலையான கூலி வரையறுக்கப்பட்டதும், போக்குவரத்து வசதி மிக்க பகுதிகளில் அது ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்ததும் தெரிய வரும். பாட்டியார் கூற்று மெய்யாயிற்று. ஆயின் அதனுடன் நிற்றல் கூடாது. எல்லாப் பகுதிக்கும் ஒரே கூலி இருந்ததில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இக்கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப் பட்டனர். ஆகவே ‘அந்தக் காலம்’ என்பது ஒரு காலமன்று. எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று கேட்டே எழுத வேண்டும்.

இனி, அறிக்கையைப் பாட்டியாரின் சொல்லால் சோதிப்போம். ஒரு நாட் கூலி இவ்வளவு என்று அறிக்கை கூறும். மாதத்தில் எத்தனை நாள் பெரட்டில் பெயர் கொடுத்தும் மழையினால் வேலை இல்லாது திரும்பினர் என்பதையும், கடைக் கணக்கில் எவ்வளவு பிடித்தனர் என்பதையும், குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு வந்த தாய் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதையும் கூலிப் பட்டியல் கூறாது. அவற்றைப் பாட்டியாரே கூற வல்லவர். மேலும் அறிக்கை எழுதிய அதிகாரி, கூலி நியாயமானது என்று காட்டவே அப்பட்டியலைத் தந்திருப்பார். அஃது அறிந்து கூறிய சான்று. பெண்ணின் ஒரு நாள் உழைப்பை ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்காகவே அவ்வாட்சி மதித்தது என்பதை அவர் கருதாமலே நமக்குச் சொல்லி விடுகின்றார். அஃது அறியாது கூறிய சான்று.

பெரட்டு, கங்காணி, கிராணி, லயம், ஒட்டுப்பால் ஆகிய சொற்களை அகராதியைப் பாராமலே அறிந்தவர் இவ்வாவணங்களைப் படிக்கும்போது, பிறர் காணாததைக் காண்பார். ஆயினும் அவர் தம் குடும்பக் கதையையும் மற்றச் சான்றுகளைப் போலவே ஐயுற்று ஆராய வேண்டும். தம் பாட்டியாரை ஐயுறுதல் அவமதிப்பு ஆகாதோ எனச் சிலர் கருதலாம். ஆகாது. சோதித்துப் பார்த்தபின் நிலைக்கும் சொல்லை எவரும் தள்ள முடியாது. அதனால் அவர் சொல்லுக்குப் பெருமையே உண்டாகும்.

படிக்கும் முறை

முதிர்ந்த மாணவர்க்கு உண்மையான இடையூறு நினைவாற்றற் குறைவன்று; நேரக் குறைவே. இளைஞருக்கு நாள் முழுதும் தம்முடையது. இவர்க்கோ இரவு ஒன்பது மணிக்கு மேல் கிடைப்பதே நேரம். ஆகவே முறையறிந்து படித்தல் வேண்டும்.

முதலாவது, வரலாற்று நூலைக் கதைப் புத்தகம் போல முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும் என்பதில்லை. முன்னுரையையும் முடிவுரையையும் முதலிற் படித்து, நூலாசிரியர் நாட்ட விரும்பும் கருத்து யாது என அறிந்து, பின்னர் அதற்கு அவர் காட்டும் சான்றுகளைத் தேடிப் படித்தால் நேரம் மிச்சமாகும். இரண்டாவது, ஆண்டுகளை மனப்பாடம் செய்வதே வரலாறு என்னும் பழைய எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஆண்டுகள் வேண்டும், அவை முன் பின் அறிந்து காரண காரியத்தை ஆராய்வதற்கே. இந்திய அரசு 1938இல் மலாயாவிற்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளரைத் தடை செய்தது என்று நெட்டுருப் போடுவதால் பயனில்லை. அத்தடைக்கு முன் நடந்த கூலித் தகராறு யாது, பின் தோட்டங்களில் ஆள் வரவு என்னவாயிற்று என்று கேட்டால் அவ்வாண்டு தானே மனத்திற் பதியும்.

மூன்றாவது, எழுதிப் பழக வேண்டும். பல்லாண்டு எழுதாத கைக்கு முதற் கட்டுரை மலையாகத் தோன்றும். இரு வாரத்திற்கு ஒரு கட்டுரை என்னும் லாங்டன் வழக்கத்தை எவரும் தாமே மேற்கொள்ளலாம். நான்காவது, தனியே படித்தல் கூடாது. மூவரோ நால்வரோ கூடி வாரம் ஒருமுறை விவாதித்தால், சோர்வு நேரும்போது ஒருவர் மற்றவரைத் தாங்கலாம். ஐந்தாவது, மொழித் தடை. நம் நாட்டு வரலாற்று ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் உள்ளன. தமிழாசிரியர் சிலர் இதற்கு அஞ்சுவர். ஆனால் அவர்களிடம் உள்ள தமிழே ஆராய்ச்சியில் பெருங் கருவி. பழைய தமிழ் நாளிதழ்களையும் சங்க வெளியீடுகளையும் படிக்க வல்லவர் வரலாற்றுத் துறையில் மிகச் சிலரே.

பட்டதாரி ஆசிரியர் ஆதல்

பட்டம் பெற்றாலே ஆசிரியர் ஆகிவிடலாம் என்று எண்ணுதல் தவறு. வரலாறு அறிதல் வேறு. வரலாறு கற்பித்தல் வேறு. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியப் பயிற்சி பெறுதல் வேண்டும். மலேசியாவிலும் பட்டத்திற்கு மேல் கல்விப் பயிற்சித் தகுதி கேட்கப்படுகின்றது. நியமனத்திற்குரிய வயது, பாடச் சேர்க்கை, மொழித் தகுதி ஆகிய விதிகளைப் படிப்பிற் சேரு முன்னரே கேட்டறிதல் அறிவுடைமை. நான்காண்டு உழைத்த பின்னர், ‘இப்பட்டம் இப்பணிக்கு ஏலாது’ என்று கேட்டு வருந்துவதிற் பயனில்லை.

வகுப்பறையில் முதிர்ந்த ஆசிரியர்க்கு இரு நலன்கள் உண்டு. வேலை என்பது யாது, கூலி என்பது யாது, ஊர் விட்டு ஊர் போதல் என்பது யாது என்று பிள்ளைகளுக்கு அவர் உயிர்ப்புடன் சொல்ல வல்லவர். கற்பதன் கடினத்தை அண்மையில்தான் தாமே அனுபவித்தவராதலின், தடுமாறும் பிள்ளையிடம் பொறுமை காட்டவும் வல்லவர். ஆயின் ஓர் ஆபத்தும் உண்டு. அனுபவம் மிக்கவர்க்குப் பேச்சு மிகுதி. நாற்பது நிமிடப் பாடம் முழுதும் ‘எங்கள் காலத்தில்’ என்று கழிந்து விடலாகாது.

இதனைத் தவிர்க்க ஒரு வழி, பிள்ளைகளுக்கு முடிவைச் சொல்லாமல் சான்றைக் கையில் தருவதாகும். 2013 முதல் மலேசியாவின் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றில் தேறுதல் கட்டாயம் ஆயிற்று. கட்டாயம் என்றவுடன் மனப்பாடம் பெருகுவது இயல்பு. அதனை மாற்ற வல்லவர் ஆசிரியரே. ஓர் எளிய பயிற்சியைக் கூறுவோம். பழைய குடும்பப் புகைப்படம் ஒன்றை வகுப்பில் காட்டுக. படத்தில் உள்ளோர் எதைக் காட்ட விரும்பி நின்றனர் என்று முதலிற் கேட்க. நல்லாடை, நிமிர்ந்த நிலை என்று பிள்ளைகள் கூறுவர். பின்னர், அவர்கள் கருதாமலே படம் எதைக் காட்டுகின்றது என்று கேட்க. வெறுங் கால், பின்னாலுள்ள தகரக் கூரை, முன்வரிசையில் பெண்கள் இன்மை என்று ஒவ்வொன்றாகக் கண்டு சொல்வர். மார்விக் பல்கலைக் கழகத்திற் கற்பித்ததைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இவ்வாறு கற்றுக் கொள்ளும்.

காலம் காத்திராது

இத்துணையும் கூறியது பட்டத்தின் பெருமையைப் பாடுவதற்கன்று. வேறொரு காரணமும் உண்டு.

1957இல் மலாயா விடுதலை பெற்றபோது எண்ணூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் எஞ்சியுள்ளவை ஐந்நூற்றுச் சொச்சமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்தது. மூடப்பட்ட ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சேர்க்கைப் பதிவேடு இருந்திருக்கும். அதில் பிள்ளையின் பெயரும் தந்தையின் தொழிலும் சேர்ந்த நாளும் விலகிய நாளும் எழுதப்பட்டிருக்கும். எழுதிய தலைமையாசிரியர் அறிந்து கூறியது அவ்வளவே. எந்த வயதில் பெண் பிள்ளைகள் நின்று விட்டனர், எந்த மாதத்தில் ஒரு லயமே பெயர்ந்து வேறு தோட்டம் போயிற்று என்பவற்றை அவ்வேடு அறியாமலே காட்டக் கூடும். ஆனால் அதைப் படித்தறிய ஆள் வேண்டும். விடுதலைக்கு முன் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள். அவர்களிடம் சென்று, முறையாகக் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்துப் பதிவு செய்யவும் ஆள் வேண்டும்.

சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் அரசுப் பிரிவு 1979இலேயே அமைந்தது. மலேசியாவில் தேசிய ஆவணக் காப்பகம் 1957 முதல் இருந்து வருகின்றது. களஞ்சியங்கள் உள்ளன. அவற்றுள் நம் மக்களின் பங்கைச் சேர்ப்பவரும், சேர்ந்ததைத் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவருமே தேவை. இருபது வயது மாணவர் இப்பணியைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அத்தோட்டத்தில் பிறந்து, அச்சொற்களைப் பேசி, அம்முதியோரை ‘அப்பாயி’ என்றும் ‘தாத்தா’ என்றும் அழைத்து வளர்ந்த நாற்பத்தைந்து வயது மாணவர்க்கு அவர்கள் தம் கதையைத் தயக்கமின்றிச் சொல்வர். இன்னும் இருபதாண்டு சென்றால் அவ்வாய்ப்பு எவர்க்கும் இல்லை.

ஆகவே, ‘இந்த வயதில் எதற்கு?’ என்று கேட்பார்க்கு நாம் கூறும் விடை இதுவே: இப்பணிக்கு உரிய வயது இதுதான். ஐம்பதில் வளையாது என்று பழமொழி கூறட்டும். லாங்டனில் சூளையிலிருந்து வந்தவர்கள் வளைந்தார்கள். பினாங்குத் திட்டத்தில் இரவெல்லாம் படித்த பள்ளியாசிரியர்கள் வளைந்தார்கள். நம் ஆசிரியப் பெருமக்களுள்ளும் வாசகருள்ளும் இவ்வெண்ணம் உடையோர் இருப்பின், சேர்க்கை விண்ணப்பம் வரும்வரை காத்திராமல், இவ்வாரமே ஒரு முதியவரிடம் சென்று, அவர் பயின்ற பள்ளியின் பெயரையும் ஆண்டையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக. வரலாற்று மாணவரின் முதற் பாடம் அதுவேயாகும்.